தடத்தில் கிடந்த முள்

ஒரே வாரத்தில் அதே முன்சக்கரம் இரண்டாவது முறை காற்றிறங்கியபோது எனக்குக் குழப்பமே இல்லை. இது பக்கத்துக் கொல்லை அக்காவின் வேலைதான்.

ஏரியூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் கொல்லைக்குத் தனி வழி கிடையாது. அக்கா தன் நிலத்தின் ஓரமாக ஒரு வண்டி போகிற அளவுக்குத் தடம் விட்டிருந்தார். எழுத்தில் எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். நான் மாடு ஓட்டிப் போனபோதெல்லாம் ஒன்றும் சொல்லாதவர், நான் இந்தச் சின்ன டிராக்டரை வாங்கியதிலிருந்து வரப்பு சரிகிறது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். போன வாரம் தடத்தை ஒட்டிச் சீமைக்கருவேல முள்ளை வெட்டி வேலி போட்டார். ஆடு நுழையாமல் இருக்கவாம். மறுநாளே முதல் பஞ்சர். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அன்று காலை தடத்தின் நடுவிலேயே டிராக்டர் சாய்ந்து நின்றுவிட்டது. முந்தின நாள் நல்ல மழை. ஈரம் காய்வதற்குள் உழுது நிலக்கடலை போட்டாக வேண்டும். ஆனால் இறங்கியதும் நான் ஜாக்கியைத் தேடவில்லை. டயரைப் படம் பிடித்து, ‘யாரோ வேணும்னே முள்ளு போடறாங்க. யாருன்னு தெரியும்’ என்று ஸ்டேட்டஸ் வைத்தேன்.

சக்கரத்தைக் கழற்றி, லிவரால் நெம்பி டியூபை உருவியபோது அக்கா வந்து நின்றார். கையில் அரிவாள். நான் அதையே பார்த்தேன்.

“மறுபடியுமா?”

“ஆமாங்க்கா. எப்படித்தான் வருதோ முள்ளு.”

“மொத பஞ்சரு யாரு ஒட்டுனது?”

“நான்தாங்க்கா. வீடியோ பாத்து.”

“டயருக்குள்ள கைய வுட்டுத் தடவுனியா?”

தடவவில்லை. அந்த வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, டியூபை ஒட்டுகிற இடம் முடிந்ததும் மூடியிருந்தேன்.

அக்கா அரிவாளை வைத்துவிட்டு டயரின் உட்புறம் கையை ஓட்டினார். பாதிச் சுற்றில் “ஸ்ஸ்” என்று இழுத்துக்கொண்டார். விரலில் ரத்தம். உள்ளே ஒடிந்த முள்ளின் முனை துருத்திக்கொண்டிருந்தது. பிடுங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கறுத்த பழைய முள்; போன வாரம் நான் எடுக்காமல் விட்டது. டியூபிலும் பழைய ஒட்டுக்குப் பக்கத்திலேயே புது ஓட்டை. அப்போதும் மனசு அடங்கவில்லை. போன வாரம் அது எங்கிருந்து வந்ததாம்?

“ஸ்டேட்டஸ் பாத்தேன். அது என்னையத்தான?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார். தடமே போய்விடும் என்று தெரிந்தும், “ஆமாங்க்கா” என்றேன்.

“வெட்டறப்ப நாலு முள்ளு செதறத்தான் செதறும். வேணும்னு பண்றவளா இருந்தா தடத்தையே உழுதுட்டுப் போயிருப்பேன். உங்கிட்ட எனக்கென்ன பயம்?”

ஒட்டி, பம்பில் காற்றடித்து, சக்கரத்தை மாட்டும்வரை அவர் நகரவில்லை. நான் ஏறி ஸ்டார்ட் செய்ததும் செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு, டிராக்டருக்கு முன்னால் வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தார்.

“அக்கா, வேணாங்க்கா!”

“முள்ளு இருந்தா மொதல்ல என் கால்ல ஏறட்டும். நீ வா.”

அவர் நிலம் முடியும்வரை முதல் கியரிலேயே ஊர்ந்தேன். இரண்டு இடத்தில் குனிந்து எதையோ பொறுக்கி வேலிக்கு அப்பால் எறிந்தார். என்னவென்று தெரியவில்லை.

எங்கள் எல்லையில் நின்று திரும்பினார்.

“சாயங்காலம் இதே வழியாத்தான வரோணும்? அதுக்குள்ள அந்த ஸ்டேட்டஸ அழிச்சுடு.”

அழித்துவிட்டுத்தான் கலப்பையை இறக்கினேன். அதற்குள் நாற்பது பேர் பார்த்திருந்தார்கள்.