மானியப் பிரிவில் படித்தவள்

எங்கள் கல்லூரிக்குத் தரம் நிர்ணயிக்கும் ஆய்வுக் குழு வரப்போகிறது என்று உறுதியான வாரத்தில் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போட்டார்கள். நான் அங்கே மாணவியாக இருந்த காலத்தில் ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்வாள். வேதியியல் ஆசிரியையாகத் திரும்பி வந்த பிறகும் அப்படித்தான் இருந்தது. குழுவில் இரண்டு பெண்கள் வருகிறார்கள் என்றதும் தச்சர் வந்தார்.

நான் பிறந்தது தாராவியில். கல்யாணத்துக்குப் பிறகு செம்பூர். கல்லூரியில் எனக்கு நிரந்தர வேலை கிடையாது. எடுக்கும் வகுப்புக்கு மட்டும் சம்பளம். ஓய்வு பெறுகிறவர்களின் இடத்தை அரசும் நிரப்பவில்லை, நிர்வாகமும் வற்புறுத்திக் கேட்கவில்லை. அந்த இடங்களில் என்னைப் போன்றவர்கள் வருஷக்கணக்காக நின்றுகொண்டே பாடம் நடத்தினோம். ஆனாலும் அந்தக் கல்லூரி மேல் எனக்குப் பாசம் இருந்தது. அதன் மானியப் பிரிவில்தான் நானும் படித்தேன். அந்தப் பிரிவில் ஆசிரியர்களின் சம்பளத்தை மாநில அரசு கொடுக்கும். அதனால் மாணவர்கள் கட்டுவது சொற்பம். எங்கள் சந்தில் டிகிரி வாங்கிய அத்தனை பேரும் அந்தச் சொற்பத்தால் படித்தவர்கள்.

பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண்மணி. யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார்.

"கணக்கெல்லாம் ஃபைல்ல இருக்கு. ஆனா வர்றவா மனுஷாளைப் பார்க்கணும்னு சொல்றா. இந்தக் காலேஜால ஊருக்கு என்ன லாபம்னு கேப்பா. தாராவிலேர்ந்து படிச்சு மேல வந்தவா யாராவது உன் ஞாபகத்துல இருக்காளா?" என்றார்.

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் மாணவி ஒருத்தி இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம்; அப்பா தோல் பை தைக்கிறவர். மானியப் பிரிவில் வேதியியல் முடித்துவிட்டு அம்பர்நாத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலைக்குச் சில வருஷம் ரயிலில் போய் வந்தாள். பிறகு வேலையை விட்டுவிட்டு தாராவியிலேயே ஒரு கோலியை, அதாவது ஒற்றை அறையை, வாடகைக்குப் பிடித்தாள். வெட்டிய தோலின் ஓரத்தில் பூசும் சாயத்தைத் தயாரிக்க ஆரம்பித்தாள். அங்கே எல்லாரும் அதை எட்ஜ் கலர் என்பார்கள். அதுவரை பை தைக்கிறவர்கள் அதை வெளியூரிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தார்கள்; வந்து சேர்வதற்குள் பாதி கட்டி தட்டிப்போயிருக்கும்.

ஒரு தடவை அவள் பட்டறையில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். சந்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் டப்பாக்களில் சாயம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அதில் பாதிப் பேர் முன்பு மாட்டுங்கா வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர்கள். டெம்போக்காரர் வந்து சரக்கு ஏற்றினார். அம்பர்நாத்திலிருந்து பிசின் கொண்டுவந்த ஏஜெண்ட் காத்திருந்தான். சரியான சாயம் பக்கத்துச் சந்திலேயே கிடைப்பதால் ஏற்றுமதி ஆர்டர் எடுக்கத் துணிந்த பைக்காரர்கள் இரண்டு பேர் வந்து போனார்கள். அவள் ஓரமாக உட்கார்ந்து ஜிஎஸ்டி கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பெஞ்சு, ஒரு ப்யூரெட், ஓர் ஆசிரியரின் சம்பளம் என்று என்றைக்கோ அரசு இவள் மேல் போட்ட காசு எங்கெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். கஜானாவுக்கும் ஒரு பங்கு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

ஆகவே அவளிடமே போய்க் கேட்டேன். அவள் தங்கை அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கி, அதே கல்லூரியில் வேதியியலுக்கே விண்ணப்பித்திருந்தாள். அக்காவின் பட்டறைக்கு ஒரு கெமிஸ்ட் வேண்டும். மூன்று வருஷத்தில் தானே அந்த வேலையைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வந்த விஷயத்தைக் கேட்டதும் அவர்களுடைய அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"எங்கள எதுக்கு டீச்சர் வேடிக்கை காட்டக் கூப்பிடுதிய?" என்றாள்.

வேடிக்கை இல்லை, மரியாதை என்று சொன்னேன். மகள் அம்மாவைச் சமாதானப்படுத்தினாள். படித்த இடம், கூப்பிட்டால் போகத்தான் வேண்டும் என்றாள்.

முந்தின நாள் ஒத்திகை. அவள் பச்சைப் பட்டுப்புடவை கட்டி, மெல்லிய செயின் போட்டு வந்திருந்தாள். அம்மாவும் நல்ல புடவையில் இருந்தாள். ஆய்வு ஏற்பாடுகளைக் கவனித்த பேராசிரியர் அவர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நாளைக்குப் பட்டு வேண்டாம், சாதாரணமாக வரட்டும் என்று இந்தியில் என்னிடம் சொன்னார், அவளுக்கு இந்தி தெரியாது என்பதுபோல. பிறகு அவர் எழுதி வைத்திருந்த பேச்சை அவளிடம் கொடுத்தார். அதில் பொதுக் கழிப்பறை வரிசை இருந்தது, தெருவிளக்கில் படித்தது இருந்தது, குடிகார அப்பா இருந்தார்.

அவள் படித்துவிட்டுத் தாளை மடித்தாள்.

"எங்கப்பா குடிக்க மாட்டாவ மேடம்" என்று என்னிடம் சொன்னாள்.

நான் அதைப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் சலித்துக்கொண்டார். பிரின்சிபால் நடுவில் வந்து, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடலாம், மற்றது இருக்கட்டும், கஷ்டத்தைச் சொன்னால்தான் வருகிறவர்களுக்கு ஏற்றம் தெரியும் என்று சமாதானமாகச் சொன்னார். தெருவிளக்கும் பொய்தான். அவர்கள் வீட்டில் எப்போதும் மின்சாரம் இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மறுநாள் அவள் பருத்திப் புடவையில் வந்தாள். குழுவின் முன்னால் தாளைப் பார்க்கவே இல்லை. கழிப்பறையும் சொல்லவில்லை, தெருவிளக்கும் சொல்லவில்லை. என்ன தயாரிக்கிறாள், யார் வாங்குகிறார்கள், எத்தனை குடும்பம் அதில் சாப்பிடுகிறது என்று நிதானமாக இந்தியில் சொன்னாள். உன்னைப் படிக்க வைக்க அரசு செலவழித்தது திரும்பி வந்துவிட்டதா என்று குழுத் தலைவர் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கட்டிய வரியிலேயே வந்திருக்கும், ஆனால் முதலில் யாராவது போட்டிருக்காவிட்டால் எதுவும் வந்திருக்காது என்றாள். கை தட்டினார்கள். குழுவிலிருந்த ஒரு பெண்மணி அம்மாவின் பக்கம் திரும்பி, உங்கள் மகளுக்கு இவ்வளவு மூளை இருக்கும் என்று நினைத்தீர்களா என்று விசாரித்தார். அம்மாவுக்குக் கேள்வி புரிந்தது. அம்மாவுக்குச் சால்வை போர்த்திப் படம் எடுத்தார்கள். சாப்பாடு குழுவுக்கு மட்டும்தான் ஏற்பாடாகியிருந்தது என்பதால் அவர்கள் இருவரையும் நான் வெளியே உடுப்பி ஓட்டலுக்கு அழைத்துப் போனேன்.

கல்லூரிக்கு மிக நல்ல தரம் கிடைத்தது. லட்டு கொடுத்தார்கள். அந்தத் தரத்தை வைத்து நிர்வாகம் சுயநிதிப் படிப்புகள் தொடங்க அனுமதி வாங்கியது. அடுத்த மாதமே, போதிய நிரந்தர ஆசிரியர்கள் இல்லாததால் வேதியியல் மானியப் பிரிவு மூடப்படுவதாகச் சுற்றறிக்கை வந்தது. ஆசிரியர்களை ஏன் போடவில்லை என்று கேட்க அங்கே யாரும் மிச்சமில்லை. அதே ஆய்வுக்கூடத்தில், அதே பெஞ்சுகளில், வேறொரு நீளமான ஆங்கிலப் பெயரில் புதிய படிப்பு வந்தது. அதற்கான கட்டணத்தைப் பார்த்தபோது அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன்.

மானியப் பிரிவுக்கு விண்ணப்பித்தவர்களை அதற்கே மாற்றியிருந்தார்கள்; தங்கையின் பெயர் அந்தப் பட்டியலில் முதலில் இருந்தது.

அக்காவும் நானும் பிரின்சிபாலைப் பார்க்கப் போனோம். அவர் எங்களை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நீதான் இப்போ நன்னா சம்பாதிக்கறயேம்மா. உன் தங்கைக்கு நீ கட்டிட மாட்டியா?" என்றார்.

"நான் கட்டிருவேன் மேடம். எங்கிட்ட வேலை பாக்குற பொம்பளைங்க பிள்ளைங்க என்ன செய்யும்?"

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாரையும் நாமளே தூக்கி விட முடியுமா, சொல்லு? ஏதோ உன்னைத் தூக்கி விட்டோம். அதுக்கு நீ சந்தோஷப்படணும்."

அவள் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். தங்கைக்குக் கட்டணம் கட்டத் தயாராகவே இருந்தாள். தங்கைதான் மறுத்தாள். மார்க் வாங்கியது நான், அதற்கும் உன்னிடம் கையேந்த வேண்டுமா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறாள். பெரிய சண்டை. போய்ச் சேலை மடி என்று அக்கா கத்தியிருக்கிறாள். தங்கை செம்பூரில் ஒரு துணிக்கடையில் உண்மையாகவே சேலை மடிக்கப் போய்விட்டாள். நான் அந்தக் கடைப் பக்கம் போகும்போதெல்லாம் எதிர்ப்புறம் நடப்பேன்.

சுயநிதிப் படிப்பின் விளம்பரத்தில் சால்வையோடு அம்மா நிற்கும் படத்தைப் போட்டார்கள். யாரிடமும் கேட்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுப் பட்டறைப் பெண் ஒருத்தி தன் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தாள். நம்ம ஆளுங்க படம் போட்டிருக்கிறார்களே, நம்ம பிள்ளைகளுக்குத்தானே என்று கேட்டாள். கட்டணத்தைச் சொன்னேன். அவள் என்னை நம்பவில்லை. எனக்குக் கமிஷன் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

பட்டறைக்கு வெளிநாட்டு ஆர்டர் கொண்டுவந்தவர்கள் ஒவ்வொரு தொகுதிச் சாயத்துக்கும் பரிசோதனைச் சான்று கேட்டார்கள். அதற்கு இரண்டு மூன்று கெமிஸ்டுகள் வேண்டும். மானியப் பிரிவில் மிச்சமிருந்த மாணவர்களும் முடித்துப் போன பிறகு, எங்கள் சந்துகளிலிருந்து வருஷத்துக்கு நாலைந்து பேர் வேதியியல் முடித்துவிட்டு வந்தது நின்றுபோயிருந்தது. தாணேயிலிருந்தும் கல்யாணிலிருந்தும் விண்ணப்பித்தவர்கள் தாராவி என்றதும் வரவில்லை. ஒரு வருஷம் பார்த்தாள். பிறகு அவர்கள் வரத் தயங்காத அம்பர்நாத்துக்கே பட்டறையை மாற்றிவிட்டாள்.

சின்னப் பிள்ளைகளை வைத்திருந்த பெண்களால் அவ்வளவு தூரம் ரயிலில் போய்வர முடியவில்லை. ஒருத்தி மான்குர்தில் மீன் சுத்தம் செய்யப் போனாள். மற்றவர்கள் திரும்பவும் மாட்டுங்கா வீடுகளுக்கே பாத்திரம் தேய்க்கப் போனார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி அம்மாவை மறித்து, "உம் மவளுக்காக உனக்குச் சால்வை போட்டாவ. எங்க வேலைய எடுத்துக்கிட்டுப் போயிட்டா" என்றாளாம். அம்மா அதற்குப் பிறகு குழாயடிக்குப் போவதில்லை. தண்ணீர் பிடித்து வர ஆள் வைத்திருக்கிறார்கள்.

நான் அந்தப் புதிய படிப்பிலும் பாடம் நடத்தினேன், அதே மணிக்கூலிக்கு. அதில் முதலில் சேர்ந்த மாணவர்கள் தேறி வெளியேறிய வருஷம் என் வகுப்புகளைப் பாதியாகக் குறைத்தார்கள். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு என் மாணவியிடமே வேலை கேட்டேன். அவள் யோசிக்கவில்லை. வரச் சொன்னாள். ஆனால் முதல் நாளே, மேடம் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, சொல்லிவிட்டாள்.

"அக்கா, காலேஜுன்னு நெனச்சுக்கிடாதீங்க. லேட்டா வந்தா நான் சம்பளத்துல புடிப்பேன்."

பிடிக்கவும் செய்தாள், ரயில் நின்றுபோன நாளில்.

போன மாதம் இன்னொரு கெமிஸ்டுக்கு ஆள் எடுத்தோம். கல்யாணிலிருந்து ஒருவன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நல்ல மார்க், ஆங்கிலமும் பேசினான். படிப்புக்காக வங்கியில் கடன் எடுத்திருந்தான். அவள் ஒரு மாதிரியைக் கொடுத்து அமில அளவு பார்க்கச் சொன்னாள். ப்யூரெட் என்ற அளவுக் கண்ணாடிக் குழாயின் அடித் திருகு திறந்திருப்பதைப் பார்க்காமலே அவன் அதில் கரைசலை ஊற்றினான். எல்லாம் தரையில் ஓடியது. துடைக்கத் துணி தேடினான்.

ஆய்வுக்கூடத்தில் இதை நீயே செய்து பார்த்ததில்லையா என்று இந்தியில் கேட்டாள். பெரும்பாலும் வீடியோதான் காட்டினார்கள் என்றான். எந்தக் கல்லூரி என்று கேட்டாள். எங்கள் கல்லூரியின் பெயரைச் சொல்லிவிட்டு, என் பக்கம் கையைக் காட்டி, "இந்த மேடம்தான் எங்களுக்கு எடுத்தாங்க" என்று இந்தியில் சொன்னான். சந்தோஷமாகத்தான் சொன்னான். தெரிந்தவர் ஒருவர் இருப்பது அவனுக்குத் தெம்பாக இருந்தது போல.

அவள் என்னைப் பார்த்தாள். அவனுக்குப் புரியாத தமிழில் கேட்டாள். "நீங்க இவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கலையாக்கா?"

ஆசிட் வாங்கித் தரவில்லை, அறுபது பேருக்கு நாலு ப்யூரெட் இருந்தது, ஆய்வுக்கூட நேரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

"அதைச் சொல்லி இவன் என்ன செய்வான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். கெமிஸ்ட் வேலை இல்லை, டப்பா நிரப்பும் இடத்தில் ஆள் வேண்டும், திங்கட்கிழமை வருவதானால் வரலாம் என்றாள். தவணை கட்ட வேண்டிய பையன். உடனே சரி என்றான்.

படியிறங்கும்போது அவன் எனக்காக நின்றான். கொஞ்ச நாள் கழித்து லேபுக்கு மாற்றுவார்களா மேடம் என்று கேட்டான். மாற்றுவார்கள் என்று சொன்னேன். அவன் நன்றி சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு வேகமாக நடந்தான். நான் மேலே போய்த் தரையைத் துடைத்தேன்.