வேண்டாம் கடைக்காரர்

கடைக்காரர் புத்தம்புது ரப்பர் குழாயை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். வாங்க வந்தவர் கையை நீட்டிக்கொண்டிருக்க, அதை அலமாரியிலேயே திரும்ப வைத்தார். “இது வேண்டாங்க. பேருக்குத்தான் புதுசு. பெட்டிக்குள்ளயே கெழடு தட்டிடுச்சு.”

பழைய கார்களுக்கு உதிரிபாகம் விற்கும் கடை அது. அக்கம்பக்கத்தில் ‘வேண்டாம் கடை’ என்றுதான் வழி சொல்வார்கள். முன்விளக்கு வாங்க வருபவரை, “மொதல்ல வயரைப் பாருங்க. லைட்டு பாவம், அது என்ன பண்ணும்?” என்று வெறுங்கையோடு அனுப்பிவிடுவார். பழைய வண்டி வாங்கலாமா என்று ஆசையாக யோசனை கேட்பவர்களிடம் அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “வீட்டம்மா கோவக்காரங்களா?” ஆமாம் என்று தலையாட்டினால், “அப்ப சைக்கிள் வாங்குங்க” என்பார்.

அவர் மனைவிக்கு இதெல்லாம் பழகிப்போன சங்கதி. கட்டியிருக்கும் புடவை எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்பதைக் கல்யாணமான புதிதிலேயே நிறுத்திவிட்டாள். ஆனால் மகளுக்கு அமைந்த வரனின் அப்பா, தம்முடைய பழைய காரிலேயே வீட்டுக்கு வருகிறார் என்று தெரிந்ததும் அவள் உஷாரானாள். பையனுக்கும் பெண்ணுக்கும் மனசுக்குப் பிடித்துப்போன இடம். சம்பந்தி முன்கோபி என்று வேறு கேள்வி.

“உங்களுக்குப் பொய் வராதுன்னு தெரியும். வாயையாவது மூடிட்டு இருங்க” என்று காலையிலேயே சொல்லி வைத்தாள்.

வண்டி பளபளவென்று வந்து நின்றது. சம்பந்தி இறங்கியதும் இறங்காததுமாகக் கேட்டார். “எப்படி இருக்கு நம்ம வண்டி?”

கடைக்காரர் விரல்முட்டியால் கதவைத் தட்டினார். உள்ளே இருப்பது தகரமல்ல, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டி என்று சத்தமே சொல்லிவிட்டது. மனைவி தொண்டையைச் செருமினாள்.

“கலர் நல்லா இருக்குங்க” என்றார். அதற்கே அவருக்கு வியர்த்துவிட்டது.

சாப்பாடும் பேச்சும் நல்லபடியாக முடிந்தன. குழம்பில் உப்பு போதவில்லை என்பதைக்கூட அவர் விழுங்கிக்கொண்டார். வழியனுப்ப வாசலுக்கு வந்தபோதுதான் முன்சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் மினுங்குவது கண்ணில் பட்டது. குனிந்தார், தொட்டார், முகர்ந்தார். பிறகு போய் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டார்.

“சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க. இந்த வண்டியில நீங்க வீட்டுக்குப் போகக் கூடாது. பிரேக் ஆயில் ஒழுகுது.”

“நேத்துதான் மெக்கானிக் பார்த்தாரு.”

“அவர் பார்த்திருப்பாரு. நான் மோந்துட்டேன்.”

ஜன்னலில் மகளின் முகம் வெளுத்தது. சம்பந்தி உள்ளே ஏறி, கதவை அறைந்து சாத்தினார். வண்டியைக் கிளப்புமுன் ஒரு வீம்புக்கு பிரேக்கை மிதித்துப் பார்த்தார். அது தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. இன்னொரு முறை மிதித்தார். அப்போதும் அப்படியே.

கீழே இறங்கியபோது குரலில் சூடு இல்லை. “வேற ஏதாவது கோளாறு இருக்கா?”

கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் பெருமூச்சு விட்டாள். உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து, சம்பந்திக்குப் பின்னால் போட்டாள்.

“உக்காருங்கண்ணா. நேரமாகும்.”