செல்வாம்பாளின் கட்டைவிரல்

கம்பெனி பஸ் முதலியார்பேட்டையைத் தாண்டுவதற்குள் செல்வாம்பாளின் மடியில் போன்கள் குவிந்துவிடும். பின்சீட்டு ஆண்களின் போன்கள் கைமாறிக் கைமாறி முன்னால் வரும். கீறல் விழுந்தது யாருடையது, மாதா படம் ஒட்டியது யாருடையது என்று அவள் கேட்பதே இல்லை. பூட்டு எண்கள்கூட மனப்பாடம். போனில் கம்பெனி அனுப்பிய பாடம் திறந்ததும் முதல் வேலையாகச் சத்தத்தை அணைப்பாள்.

“நியூஸ் வாசிக்கிறவ மாதிரியே பேசுறா. யாரு கேக்கறது?” என்பாள்.

சேதராப்பட்டில் கழிவறை கழுவும் திரவம் தயாரிக்கும் கம்பெனி அது. வாரம் ஒரு பாதுகாப்புப் பாடம் போனில் வரும். வீடியோ முடிந்ததும் சில கேள்விகள். தொழிலாளிகளில் பாதிப்பேருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, மீதிப்பேருக்கு அலுப்பு. பாட்டில் மூடி போடும் பிரிவில் இருக்கும் செல்வாம்பாள் பத்தாவது தேறியவள். தன் பாடத்தை முடிக்கும்போதே எந்த விடை எந்த இடத்தில் இருக்கிறது என்று அவள் கட்டைவிரல் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கண் வேண்டாம். பக்கத்து சீட்டுக்காரியின் நாத்தனார் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே விரலை ஓட்டுவாள். கேள்வி என்னவென்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

“யக்கா, எனக்கு நூறு போடாத. தொண்ணூறு போடு. வூட்டுல நம்ப மாட்டாங்க” என்பான் பாவாடை. ஆசிட் தொட்டியில் வேலை செய்பவன். கையெழுத்துப் போட மட்டும் கற்றவன்.

“மூடிக்கினு குந்துடா. தொண்ணூறு வாங்குற மூஞ்சியப் பாரு!”

இதற்காக யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. “இன்னா பெருசா பண்ணிட்டேன்? வெரலு தேஞ்சா போயிடும்?”

அந்த மதிப்பெண்களை நிர்வாகம் மாதாமாதம் அளந்து பார்த்தது. எல்லோருக்கும் நூறு. பயிற்சிக்குக் கிடைத்த வெற்றி என்று வாசலில் பேனர் கட்டி, கேக் வெட்டினார்கள். செல்வாம்பாளும் ஒரு துண்டு தின்றாள். போனிலேயே இத்தனை கற்றுக்கொள்கிறார்கள் என்றால் நேரில் வகுப்பு எதற்கு? தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, “தண்ணியில ஆசிட்ட ஊத்து. ஆசிட்டுல தண்ணிய ஊத்துனா மூஞ்சி போயிடும்!” என்று தொண்டை கிழியக் கத்தி வகுப்பெடுத்துக்கொண்டிருந்த ஜலால் பாயை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பாவாடை வேலைக்குச் சேர்ந்தது அதற்கு அப்புறம்தான்.

மழை கொட்டிய ஒரு காலையில் அவன் ஆசிட் தொட்டிக்குள் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தான். இடது கண் போயிற்று.

அன்றிலிருந்து பஸ்ஸில் யாரும் போனை நீட்டவில்லை. வெறும் மடியில் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் பொத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி விஜயராகவன் விசாரித்தார். பாவாடையின் போனையும் வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டார். “ஆசிட்டுல தண்ணி ஊத்தலாமாங்கற இதே கேள்விக்குச் சரியா பதில் சொல்லி நூறு வாங்கியிருக்கான். தெரிஞ்சே பண்ண அலட்சியம் இது. கம்பெனி என்ன பண்ணும்?” வைத்தியத்துக்கும் உதவி கிடையாது, வேலையும் கிடையாது என்று பேச்சு அடிபட்டது. பாவாடை வாயே திறக்கவில்லை. திறந்தால் அக்காவின் வேலை போய்விடும். அக்காவின் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது என்பது அவனுக்குத் தெரியும்.

“நீ கம்முனு இரு செல்வா. உனுக்கும் ரெண்டு புள்ளைங்க கீது” என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

“அவனுக்கும்தான கீது” என்றாள் செல்வாம்பாள்.

முடிவு சொல்லும் நாளன்று, யாரும் கூப்பிடாமலே விஜயராகவனின் அறைக்குள் நுழைந்தாள். ஒரு பாதி முகத்தில் கட்டோடு பாவாடை சுவரோரம் நின்றிருந்தான்.

“யாரும்மா நீ? உன்னை யார் வரச் சொன்னது?”

மேசைமேல் கிடந்த பாவாடையின் போனை இழுத்து அதிகாரிக்கு முன்னால் வைத்தாள். பூட்டு எண்ணைத் தட்டினாள். அந்த ஆசிட் பாடத்தைத் திறந்தாள். சத்தத்தை அணைத்தாள்.

“யக்கா, வேணாங்கா” என்றான் பாவாடை.

அவள் திரையிலிருந்து தலையைத் திருப்பிக்கொண்டாள். அவனுடைய கட்டுப் போட்ட கண்ணையே பார்த்தபடி, கட்டைவிரலால் ஒவ்வொரு விடையாகத் தொட ஆரம்பித்தாள்.