அப்பாவின் காலைச் சீனி

அப்பாவுக்கு இரண்டு வருத்தங்கள். சீனி வருத்தம் துறைமுகத்தில் கிளாக்காக இருந்த காலத்திலேயே வந்தது. ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி பிறகு தெரிந்தது. வைரஸ் அடங்கித்தான் கிடக்கிறது, ஆறு மாதத்துக்கொரு தடவை வந்து காட்டுங்கள் என்றார்கள் கிளினிக்கில். அவர் போகவில்லை. நானும் இழுத்துக்கொண்டு போகவில்லை.

நான் பொரளையில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். தினமும் காலையில், தேநீருக்கு முன், அவருடைய விரலில் குத்திச் சீனியை அளந்து கொப்பியில் எழுதுவேன். திகதி, நேரம், அளவு. ஈரலுக்கென்று அதில் இடமே விடவில்லை.

தவக்காலத்தில் அப்பா நாற்பது நாளும் இறைச்சி தொடமாட்டார். அந்த வருடம் நூற்றைம்பதில் இருந்த சீனி எண்பதுக்கு இறங்கியது.

"பாத்தியா, ஆண்டவர் உன்ர மெஷினையும் வெண்டிட்டார்."

"ஆண்டவரில்லையப்பா, நீங்க இறைச்சி ரோல்ஸ விட்டதுதான்."

ஆனால் முகம் வெளிறியது. கோயில் படியில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார்.

"நாப்பது நாளா மரக்கறி. மனுசனுக்கு ரத்தமே ஊறேல்லை. நீ லாப்பில இருந்து என்ன பிரயோசனம்?" என்றார் அம்மா.

அடுத்த நாளே மருந்துக் கடையில் இரும்புக் குளுசை வாங்கி வந்தேன். வேறு யாராவது கேட்டிருந்தால், முதலில் இரத்தத்தைச் சோதியுங்கள் என்றிருப்பேன். அப்பாவுக்குக் கண் இமையை இழுத்துப் பார்த்ததோடு சரி. உயிர்ப்பு ஞாயிறு முடிந்ததும் அம்மா கிழமைக்கு இரண்டு நாள் மாட்டீரல் கறி சமைத்தார்.

இரண்டு மாதத்தில் அப்பாவின் கால்கள் வீங்கின. ஒரு காலையில் சட்டைப் பொத்தானைப் பூட்டத் தெரியாமல் நின்றார். அன்றுதான் இரத்தம் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். உடம்பில் சேர்ந்திருந்த இரும்பு எல்லையைத் தாண்டியிருந்தது. இயந்திரம் பிழை விட்டதாக நினைத்து மறுபடி ஓட்டினேன். அதே அளவு.

கிளினிக் டொக்டர் சிங்களத்தில் ஆறுதலாக விளக்கினார். இரவில் இரத்தத்துக்குச் சீனி கொடுப்பது ஈரல். அதற்கு இயலாமல் போனதால்தான் காலை அளவு இறங்கியது. ஈரல் கெடும்போது இரும்பும் இப்படி ஏறி நிற்பதுண்டு. மேலும் கொடுத்திருக்கக் கூடாது. குளுசைதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது ஓட்டோவில் அப்பா கேட்டார்: "கொம்மாட்டச் சொல்லப் போறியா?"

"சொல்லத்தானே வேணும்."

"வேணாம். ஆசையா சமைச்சுத் தந்தவள். டொக்டர் மரக்கறி சாப்பிடச் சொன்னாரெண்டு மட்டும் சொல்லு."

ஆவணியில் அப்பா போய்விட்டார்.

துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் அம்மா ஒன்றையே சொல்கிறார்: "மகள் ஒரு குறையும் வைக்கேல்லை. காலமச் சீனி எண்பதுக்குக் கொண்டு வந்தவள். இரும்புக் குளுசையும் தன்ர கையாலதான் குடுத்தவள்."

சிலர் என் கையைப் பிடித்துக்கொண்டு, புண்ணியம் செய்த பிள்ளை என்கிறார்கள். அம்மா என்னைப் பார்க்கிறார். நான் தலையாட்டுகிறேன்.