இருபத்தெட்டுக் கைகள்

வெலிகா துன்சேவா வாத்தியாரம்மாவாகி இருபத்திரண்டு வருடம். அதற்குள் பிள்ளைகள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது எத்தனையோ முறை மாறிவிட்டது. செப்டம்பரில் திராட்சை அறுவடை தொடங்கும்போது தலைநகர் சோபியாவிலிருந்து ஒரு புதுக் கோட்பாடும் வந்து இறங்கும். ஒரு வருடம் பிள்ளைகள் வெற்றுக் குடங்கள், ஊற்றினால் போதும். அடுத்த வருடம் அவர்கள் விதைகள், தண்ணீர் விட்டுவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். இன்னொரு வருடம் இசை கேட்டால் பாடம் தானாக மூளைக்குள் போகும் என்றார்கள். பள்ளியில் இருந்தது ஒரே ஒரு டாங்கோ இசைத்தட்டு. அந்த வருடத்து மூன்றாம் வகுப்புக்கு வகுத்தல் வரவில்லை, நடனம் வந்தது.

வெலிகா எல்லாவற்றுக்கும் சரி என்பாள். கதவைச் சாத்தியதும் ஏழாம் வாய்ப்பாட்டைத் தனக்கு எப்படிச் சொல்லித் தந்தார்களோ அப்படியே சொல்லித் தருவாள். இப்படித்தான் தன்யூப் ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பள்ளியில் அவள் காலம் ஓடியது.

அந்த வருடத்துக் கோட்பாடு, நாய்.

"மணி அடிக்கறாங்க, சோறு வைக்கறாங்க. மணி அடிக்கறாங்க, சோறு வைக்கறாங்க. கொஞ்ச நாள்ல மணி அடிச்சாலே நாய்க்கு எச்சில் ஊறுது" என்று விளக்கினார் தலைமையாசிரியர் கியோசெவ். மாவட்டத்தில் மூன்று நாள் பயிற்சி முடித்துவிட்டு அன்றுதான் வந்திருந்தார். "இதை வகுப்புக்குள்ள கொண்டு வரணும், வெலிகா."

"நம்ம பிள்ளைங்களுக்கு மணி அடிக்காமலே ஊறுது, தோழர். பதினோரு மணி ஆனா அத்தனைக்கும் பசி."

"கிண்டல் பண்ணு, பண்ணு. மார்ச்சுல திறந்த பாடம். ஆய்வுக்குழு வருது. உன் வகுப்பைத்தான் எழுதிக் குடுத்திருக்கேன். நல்லா நடந்தா இங்கயே இருப்ப. இல்லேன்னா மலையில ஒரு பள்ளிக்கூடம் ரெண்டு வருஷமா வாத்தியார் இல்லாம கெடக்குது."

திறந்த பாடம் என்றால் மேலிடத்து ஆட்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க நடக்கும் பாடம். பக்கத்து வகுப்பு கின்கா அதைப் பற்றிச் சொல்வாள்: "திறந்திருக்கறது கதவு மட்டுந்தாண்டி. பாடத்தை ஒரு மாசம் முன்னாடியே சமைச்சு மூடி வச்சிரணும்." யார் எந்தக் கேள்விக்கு எழுந்திருக்க வேண்டும், யார் எங்கே யோசிப்பதுபோல் நிற்க வேண்டும், எல்லாம் ஒத்திகை. அதில் ஒரு பழைய வித்தையும் உண்டு. கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்குவார்கள். விடை தெரிந்தவன் வலது கை. தெரியாதவன் இடது கை. டீச்சர் வலது கையைப் பார்த்து எழுப்புவார். பின்வரிசைக்குத் தெரிவது ஒளிவிடும் வகுப்பு.

வெலிகா இந்த வித்தையை நாயோடு சேர்த்துவிட்டாள். கேள்வி கேட்டுவிட்டு மேசையில் அளவுகோலால் ஒரு தட்டு. டொக். கைகள் எழும். ஒழுங்காக எழுந்தால் ஆளுக்கு ஒரு துண்டு லோகும் மிட்டாய். மூன்று வாரத்தில் மிட்டாய் தீர்ந்துபோயிற்று. தட்டினால் கைகள் மட்டும் எழுந்துகொண்டே இருந்தன. ஒரு காலை ஜன்னலைச் சாத்தும்போது சட்டம் டொக்கென்று மோத, இருபத்தெட்டுக் கைகளும் எழுந்து நின்றன. வெலிகாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

வகுப்பில் பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேர், இருக்கைகள் இருபத்தொன்பது. மூன்றாம் வரிசை ஜன்னலோரம் காலி. அங்கே மருந்துக்கடைக்காரரின் மகள் லில்யானா இருந்தாள். போன இலையுதிர் காலத்தில் யாரோ பிள்ளைகளிடம் விளையாட்டாகக் கேட்டார்கள், உங்கள் அப்பா ரேடியோவில் என்ன கேட்பார் என்று. லில்யானா, கேட்கக்கூடாத வெளிநாட்டு நிலையத்தின் தொடக்க இசையைப் பாடியே காட்டினாள், அந்தக் கரகரப்பு உட்பட. இரண்டு நாள் கழித்து மருந்துக்கடைக்காரர் வெளியூர் போனார் என்றார்கள். அதற்குப் பிறகு குடும்பமும் போயிற்று. பால்கனியில் ஜெரேனியப் பூக்கள் தொட்டியிலேயே காய்ந்தன. எங்கே போனார்கள் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. அந்தப் பாடத்துக்கு மட்டும் ஒத்திகையே தேவைப்படவில்லை.

மார்ச்சில் குழு வந்தது. கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள். கூடவே சாம்பல் கோட்டுப் போட்ட ஓர் ஆள். அவர் பெயர் பட்டியலில் இல்லை. கியோசெவ் அவரை அறிமுகப்படுத்தவும் இல்லை. அவர் நேரே போய் மூன்றாம் வரிசைக் காலியிடத்தில் உட்கார்ந்தார். சின்ன பெஞ்சு, முழங்கால் இடித்தது. அவருக்கு அது தொந்தரவாகத் தெரியவில்லை.

பாடம் வெண்ணெயில் கத்தி போனதுபோல் போயிற்று. டொக், கைகள், விடை. டொக், கைகள், விடை. கியோசெவ் முகத்தில் ஒரு கல்யாணமே நடந்தது.

"அருமை" என்றாள் அலுவலக அம்மாள். "தோழர், நீங்க ஏதாவது?"

சாம்பல் கோட்டு எழுந்திருக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு" என்றார். குரல் இதமாக இருந்தது. "பிள்ளைங்களா, சாயங்காலம் யாரு வீட்டுல கரகரன்னு சத்தம் வர்ற ரேடியோ கேக்கறாங்க?"

கேட்டுவிட்டுக் கையிலிருந்த பென்சிலை மேசையில் வைத்தார்.

டொக்.

இருபத்தெட்டுக் கைகள்.

வெலிகாவால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. இடது பத்தொன்பது. வலது ஒன்பது. ஒன்பது வீடுகள், ஒன்பது பால்கனிகள்.

கியோசெவ் வாயைத் திறந்தார். வித்தையை விளக்கிக் காட்டும் பெருமை அவர் உதட்டு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் இரண்டாம் வரிசையில் தன் மகன் பிளாமெனின் கை கண்ணில் பட்டது. வலது. விறைப்பாக, நேராக, ஒத்திகையில் சொல்லித் தந்தபடியே. கியோசெவ் வாயை மூடிக்கொண்டார்.

"இருபத்தெட்டு வீடும்?" என்றார் சாம்பல் கோட்டு.

பேசாமல் நின்றால் இந்த ஆள் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பேசினால் மலை. வெலிகா அளவுகோலைக் கீழே வைத்தாள், சத்தம் வராமல்.

"அவங்க எதுக்கும் கை தூக்குவாங்க, தோழர். கேள்வியைக் காதுலயே வாங்கறதில்ல. தட்டுற சத்தம் கேட்டா தூக்கணும்னு நான்தான் பழக்கியிருக்கேன். இன்னிக்கு நீங்க பார்த்தது பாடமே இல்ல."

அலுவலக அம்மாளின் பேனா நின்றது.

"அப்படியா. ஆனா சில பேரு வலது கை, சில பேரு இடது கை. அது எதுக்கு?"

"பிள்ளைங்கதானே. எந்தக் கை சும்மா இருக்கோ அந்தக் கை."

"பார்ப்போமே." அவர் பென்சிலை எடுத்தார். "ஏழெட்டு எவ்வளவு?" டொக்.

கைகள் எழுந்தன. அவர் இடது கைகளை மட்டும் நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி வரிசையில் நிறுத்தினார். "நீ சொல்லு."

ஸ்தான்கா. செங்கல் சூளைக்காரரின் மகள். வருடம் முழுக்க இடது கையைத் தவிர வேறு கை தூக்காதவள். அவள் விழித்துக்கொண்டு நின்றால் போதும், இடது என்றால் என்ன என்று இந்த ஆளுக்குத் தெரிந்துவிடும்.

ஸ்தான்கா எழுந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"ஐம்பத்தாறு."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. சாம்பல் கோட்டு கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் பென்சிலை மேசையில் இன்னொரு தரம் தட்டினார். டொக். இருபத்தெட்டுக் கைகளும் மறுபடி எழுந்தன, இல்லாத கேள்விக்கு.

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க" என்றார். நோட்டுப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார். அதில் என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் மட்டும், வரிசை வரிசையாகக் குச்சி போட்டிருந்தது, சிலது இந்தப் பக்கம் சாய்ஞ்சு, சிலது அந்தப் பக்கம் சாய்ஞ்சு என்றான். ஒன்பது வயதுப் பையன் சொன்னதை எவ்வளவு தூரம் நம்புவது?

பிள்ளைகள் கலைந்ததும் வெலிகா ஸ்தான்காவை நிறுத்தினாள். "ஏழெட்டு தெரியுமாடி உனக்கு? அப்புறம் ஏன் இத்தனை நாளும் இடது கை?"

"மொத நாளு நீங்கதானே என்னை இடதுன்னு சொன்னீங்க, தோழர் டீச்சர். அப்புறம் மாத்தச் சொல்லவே இல்லையே."

இரண்டு வாரத்தில் மாற்றல் உத்தரவு வந்தது. கையெழுத்து கியோசெவுடையது. வழியனுப்பும்போது அவள் கையை வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்திருந்தார். அவர் வீட்டு மாடியில் இருந்த நீண்ட ஆன்டெனா அந்த வாரமே காணாமல் போயிருந்தது. ஊரில் மேலும் எட்டு ஆன்டெனாக்களும் அதேபோல் இறங்கின. வெலிகா யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. கின்காவிடம் மட்டும் எட்டுப் பெயர்களைச் சொல்லியிருந்தாள், ரொட்டிக்கு வரிசையில் நின்றபோது. வசந்த காலம் முழுக்க அந்தத் தெருக்களில் ஏதாவது வண்டி நின்றால் ஜன்னல் திரைகள் அசைந்தன.

மலைப் பள்ளியில் பன்னிரண்டு பிள்ளைகள். செப்டம்பரில் சோபியாவிலிருந்து உறை வந்தது. இந்த வருடத்துக் கோட்பாடு. வெலிகா பிரிக்காமல் அடுப்பருகே வைத்தாள். கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாட்டை எழுதிவிட்டு, "யாருக்குப் புரிஞ்சுது?" என்றாள்.

ஒரு கையும் எழவில்லை. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. சுண்ணக்கட்டியைப் பலகையின் விளிம்பில் வைத்தாள். அது உருண்டு தரையில் விழுந்து, டொக்கென்றது.

பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. யாரோ கை தூக்குகிறார்கள், இங்கே அவள் யாரையும் பழக்காமலே. எந்தக் கை என்று திரும்பிப் பார்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.