நின்ற திரையும் நிற்காத விரலும்

அந்தத் தட்டச்சுக்காரி விசைப்பலகையில் கை வைத்தால், மழை வந்துவிட்டதென்று பக்கத்துக் கட்டடத்தில் குடை விரிப்பார்கள். கூட்டத்தில் பேசுகிறவர் வாயைத் திறக்குமுன்பே வாக்கியத்தை முடித்துவிடுவாள் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதில் பாதியாவது உண்மை.

அவளுக்கு ஒரேயொரு பழக்கதோஷம். நாலு வரிக்கு ஒருமுறை விரல் தானாகக் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்திவிடும். பழைய அலுவலகத்தில் அப்படி அழுத்தினால் எழுதியது பத்திரமாகும். இந்த அலுவலகத்திலோ மவுஸும் இல்லை, படமும் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். இங்கே அழுத்தினால் திரை கல்லாய்ச் சமைந்துவிடும். இரண்டு முறை அப்படி ஆயிற்று. இரண்டு முறையும் கணினிக்காரர் ஓடிவந்து மின்சாரத்தை அணைக்க, ஒரு மணி நேரப் பேச்சு காற்றோடு போயிற்று.

"மூணாவது தடவை ஆச்சுன்னா பதிவேட்டறைதாம்மா. தூசி தட்டிட்டு உக்காந்திருக்கலாம்," என்றார் மேலாளர்.

அவள் அழவில்லை. கணினியின் கையேட்டை வீட்டுக்குத் தூக்கிப்போனாள்.

"கட்டினவன விட்டுட்டு அதையே கட்டிக்கிட்டு அழு," என்றான் கணவன்.

மூன்றாம் நாள் குட்டு உடைந்தது. கறுப்புத் திரையில் அந்த விசைக்கு 'நில்' என்று பொருளாம்! கன்ட்ரோலோடு கியூ அழுத்தினால் 'நட'. அமைப்புக் கோப்பில் இரண்டே வரி எழுதினாள். அன்றுமுதல் அவள் கணினியில் எஸ் என்றால் சேமிப்பு.

ஆண்டுக் கூட்டத்தன்று பார்த்து அவளை வேறொரு கணினியில் உட்கார வைத்தார்கள். தலைவர் பேச்சு சூடுபிடித்த நேரம், பழகிய விரல் போய் அழுத்தியது. திரை நின்றது.

கணினிக்காரர் பாய்ந்தார். "போச்சு, செத்துப்போச்சு! தள்ளும்மா, அணைக்கிறேன்."

"சுவிட்ச்சுல கை வெச்சீங்கன்னா, அண்ணா, விரல் உங்களுது இல்ல."

தலைவர் பேசிக்கொண்டே போனார். அவளும் அசையாத திரையைப் பார்த்தபடி தட்டிக்கொண்டே போனாள்.

"என்னம்மா, கல்லுக்கு முன்னாடி கச்சேரியா?" மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

கைதட்டல் எழுந்தது. அவள் கன்ட்ரோலோடு கியூவை அழுத்தினாள். திரை நின்றபோதும் உள்ளே சேர்ந்துகொண்டிருந்த வரிகள் மடை திறந்தாற்போல் பாய்ந்தன. ஒரு காற்புள்ளி தவறவில்லை. தலைவர் நடுவில் இருமிய இருமல்கூட இருந்ததாம்.

கணினிக்காரர் தலையைச் சொறிந்தார். "அந்த ரெண்டு வரிய எனக்கும் எழுதிக் குடும்மா."

"பதிவேட்டறைக்கு வாங்கண்ணா, தரேன்."

"எந்தப் பதிவேட்டறை?" என்று அவசரமாக நடுவில் புகுந்தார் மேலாளர். "மொதல்ல என் கணினிக்குப் போட்டுக் குடும்மா. அவரு வரிசையில நிக்கட்டும்."