சிலிண்டரின் அடிப்பக்கம்

தம்பியின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் போன மறுநாள் காலை, நீர்வேலியில் அவனுடைய வாழைத்தோட்டத்துக் கிணற்றடிக் கொட்டிலில் இறைப்பு இயந்திரத்தைக் கழற்றினேன். அவன் நோயில் விழுவதற்கு முன்பே நீலப் புகை கக்கத் தொடங்கி, பின்பு நின்றே போயிருந்தது அது. பக்கத்துத் தோட்டக்காரர் இரண்டு முறை தண்ணீர் தந்தார். மூன்றாம் முறை கேட்கத் தம்பியின் மனைவிக்கு மனமில்லை. குலை தள்ளிய வாழைகள் இலை மடிந்து நின்றன.

உரும்பிராயில் இருக்கும் மெக்கானிக்கிடம் கொடுப்போம் என்றாள் அவள். முப்பது வருடம் பல்கலைக்கழகத்தில் வெப்ப இயக்கவியல் கற்பித்தவனுக்கு இது பெரிய வேலையல்ல என்று மறுத்தேன். நான் சொன்ன காரணம் அது. உண்மையான காரணம் அதுவன்று.

பிஸ்டனைச் சுற்றி அமரும் றிங் என்ற இரும்பு வளையம் முழு வட்டமன்று, ஓரிடத்தில் வெட்டுண்டிருக்கும். சூட்டில் உலோகம் நீளும்போது அதற்கு இடம் வேண்டும். இடம் போதாவிட்டால் இரு முனைகளும் முட்டி, றிங் உடைந்து, சிலிண்டரின் சுவரைக் கிழித்துவிடும். இதை எத்தனையோ வகுப்புகளில் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். ஒரு றிங்கைக் கையில் எடுத்தது அன்றுதான். தம்பி வாங்கி வைத்திருந்தது ஒரே ஒரு செட்.

சாக்கின் மேல் நிறுத்திய சிலிண்டரின் வாய்க்குள் முதல் றிங்கை வைத்து, வெட்டினூடாக, இடைவெளி அளக்கும் பீலர் கேஜின் மெல்லிய எஃகுத் தகட்டைச் செலுத்தினேன். கையேடு சொன்ன அளவு அப்படியே இருந்தது. எழுந்து போய்க் கை கழுவினேன். திரும்பி வந்து மறுபடியும் அளந்தேன். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்து மூன்றாம் முறையும் அளந்தேன். சரியாக இருந்ததை ஏன் அத்தனை முறை அளந்தேன் என்று என்னால் விளக்க முடியவில்லை. சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். இனிப் பூட்டலாம் என்று பிஸ்டனை எடுத்தபோது அவள் தேநீருடன் வந்தாள்.

“எங்கை வைச்சுப் பாத்தனீங்கள், அத்தான்?”

மேலே, வாயில் என்றேன்.

“அவர் மேலை பாக்கமாட்டார். பிஸ்ரனாலை தள்ளி அடியிலை கொண்டுபோய்த்தான் பாப்பார். மேலை தேஞ்சு அகண்டு போச்சுதாம், அடியிலை தேயேல்லையாம். நான்தானே ரோச் லைற் பிடிக்கிறனான்.”

பிஸ்டனைத் தலைகீழாக்கி றிங்கை நேராகக் கீழே தள்ளினேன். அதே தகடு நுழையவில்லை. அதில் பாதித் தடிப்புள்ள தகடும் நுழையவில்லை. மேலே சரியாகத் தெரிந்த வெட்டு, அங்கே மயிரிழையாக ஒடுங்கியிருந்தது. பூட்டி ஓட்டியிருந்தால் அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும்.

“புரொபசருக்கு முட்டைதான்,” என்றாள். பிறகு அப்படிச் சொன்னதற்காகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அரத்தால் றிங்கின் முனையை இரண்டு இழுப்பு அராவுவதும், துடைத்து உள்ளே தள்ளி அளப்பதும், மறுபடி எடுப்பதுமாக வெயில் ஏறியது. வார்ப்பிரும்பு வளைத்தால் உடைந்துவிடும். அவள் ரோச்சைப் பிடித்தாள். இரண்டாவது றிங்கின்போது, அவளைப் பார்க்காமலே சொன்னேன்:

“போன வருசம் மெசினைக் கழட்டவெண்டு என்னைக் கூப்பிட்டவன். நான் வரேல்லை.”

“தெரியும். போனிலை கதைக்கேக்கை நான் பக்கத்திலைதான் நிண்டனான்.” வெளிச்சம் அசையவில்லை. “உங்களுக்கு நேரமில்லையெண்டுதான் எனக்கும் சொன்னவர். கோவிக்கேல்லை. இப்ப தகடு போகுதோ?”

“போகுது.”

பிற்பகலில் இயந்திரம் நாலாவது சுற்றில் பிடித்தது. குழாய் இருமி, காற்றைத் துப்பி, பின்பு தண்ணீரைக் கொட்டியது. அவள் மண்வெட்டியுடன் வாய்க்காலோடு போய்ப் பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பிவிட்டாள். நான் இயந்திரத்தைவிட்டு அகலவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அந்த றிங்குகள் அந்த ஒடுக்கமான இடத்துக்குப் போய் மீள்கின்றன என்பதைத் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை. சத்தம் மாறுகிறதா என்று குனிந்து கேட்டேன். மாறியது போலிருந்தது. நிறுத்தி, கழற்றி, இன்னொரு முறை அளந்து பார்த்தால் என்ன என்று கை எண்ணெயை அடைக்கும் திருகுக்குப் போனது.

வாழைகளுக்குள்ளிருந்து அவளுடைய குரல் வந்தது.

“நிப்பாட்டிப்போடாதேங்கோ, அத்தான். கடைசி வரிசைக்கு இன்னும் தண்ணி வரேல்லை.”

கையை எடுத்தேன்.